கை தவறா, கருவி தவறா?

ஓவியப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று தெரிந்தது. கருவியின் அமைப்பில் இருக்கும் கோளாறைத் தன் கையின் குறை என்று எண்ணிச் சிலர் சோர்ந்துபோகிறார்கள். பார்வைப் பயிற்சி போதாமல் வரும் பிழைக்கு வேறு சிலர் புதுக் கருவி வாங்கக் கிளம்புகிறார்கள். எது எங்கே பழுது என்று சோதித்துக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முடிந்த இடங்களில் அந்தச் சோதனையையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

பள்ளியில் நன்றாக வரைவேன். படிப்பு, வேலை, குடும்பம் என்று இருபது வருடம் விட்டுப்போயிற்று. இப்போது மறுபடி தொடங்க ஆசை. நேராக ஐபேட் வாங்கிவிடலாமா, பென்சிலிலிருந்து தொடங்கவா? தினம் அரை மணி நேரம்தான் ஒதுக்க முடியும்.
– வாசகி, ஈரோடு

இரண்டு மாதம் பொறுங்கள். ஹெச்பி, 2பி, 6பி பென்சில் தலா ஒன்று, ஒரு நீடபிள் ரப்பர் (மாவு போல் பிசைந்து வடிவம் மாற்றக்கூடிய அழிப்பான்), ஒரு பால்பாயின்ட் பேனா, 100 முதல் 120 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 ஸ்கெட்ச் புத்தகம் ஒன்று. இவை போதும். வேகமாக வரைந்து தள்ளுவதற்கு ஒரு பக்கம் அச்சான பழைய தாள்களை வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான், மேற்பரப்பும் வழவழப்பு. 6பி அதில் சரியாகப் பிடிக்காமல் ஈஷிக்கொள்ளும். நாலு முறை அழித்தால் தாள் பிய்ந்துவிடும். நிழல் போடும் படங்களுக்கு ஸ்கெட்ச் புத்தகத்தையே எடுங்கள்.

பால்பாயின்ட் எதற்கு என்று தோன்றலாம். அதை அழிக்க முடியாது. அதனால் கோடு போடுவதற்கு முன் கண் ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கும். மெல்ல அழுத்தினால் மெல்லிய கோடும் அதில் வரும்.

அரை மணியில் முதல் ஐந்து நிமிடம் கோடுகளுக்கும் நீள்வட்டங்களுக்கும். தாளில் இரண்டு புள்ளி வைத்து ஒரே வீச்சில் இணையுங்கள். அடுத்த பதினைந்து நிமிடம் விரைவு வரைவு: முப்பது விநாடிக்கு ஒன்றாகப் பத்து உருவங்கள், பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஐந்து. பேருந்து நிறுத்தம், காய்கறிக் கடை, ஓடவிட்டு நிறுத்திய வீடியோ எதுவும் ஆகும். இதில் கண், மூக்கு வேண்டாம். உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். எஞ்சிய பத்து நிமிடமும் ஒரே ஒரு பொருளுக்கு: சொம்பு, செருப்பு, மடித்த துண்டு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி அளவெடுத்து வரையுங்கள். முழங்கை மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறும். எடுத்த அளவெல்லாம் பொய்யாகும்.

இரண்டு மாதம் இது தொடர்ந்தால் ஐபேட் வாங்குவதில் தப்பே இல்லை. புரொகிரியேட் என்ற வரையும் செயலி ஐபேடில் மட்டும்தான் ஓடும்; ஒரு முறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஒன்றைமட்டும் கவனியுங்கள். ஆப்பிள் பென்சில் தனியாக வாங்க வேண்டும், எல்லாப் பென்சிலும் எல்லா ஐபேடோடும் சேராது. எந்த மாடலுக்கு எந்தப் பென்சில் என்று ஆப்பிளின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பெட்டியைப் பிரித்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

லேப்டாப் இருக்கிறது. கையில் ஐந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. இதற்குள் டிஜிட்டலில் வரைய முடியுமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

முடியும். திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்று வாங்குங்கள். பலகை போன்ற அதன் மேல் பேனாவால் வரைந்தால் கோடு கணினித் திரையில் தெரியும். வேக்கம் (Wacom), ஹூயான், எக்ஸ்பி-பென் போன்ற நிறுவனங்களின் சிறிய மாடல்கள் இந்தத் தொகைக்குள் அமையும். மென்பொருளுக்குச் செலவே இல்லை. கிரிட்டா இலவசம், வரைவதற்கென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருள்.

அழுத்த நிலை (பேனாவின் அழுத்தத்தை எத்தனை படிகளாகக் கருவி உணரும் என்ற எண்) 8192 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 2048 நிலையே பழகுபவரின் கைக்குத் தாராளம். வரையும் பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறைந்தால் மணிக்கட்டு மட்டும்தான் ஆடும், முழங்கைக்கு வேலை இருக்காது. பேனா பேட்டரி இல்லாத வகையாக இருக்கட்டும். பேனா முனை தேயும் பொருள், உதிரி முனைகள் தனியாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதல் இரண்டு வாரம் மிகவும் படுத்தும். அந்த நாட்களில் படம் வரைய முயல வேண்டாம். மவுஸை எடுத்து வைத்துவிட்டு, கோப்பு திறப்பது முதல் எல்லா வேலையையும் பேனாவாலேயே செய்யுங்கள். கண்ணும் கையும் தாமாக இணங்கிவரும்.

பேனா டேப்லெட்டில் வட்டம் போட்டால் திரையில் முட்டையாகிறது. சில நேரம் பேனாவை வைத்ததும் ஒரு சின்ன வளையம் தோன்றி, கோடு தாமதமாக வருகிறது. அழுத்தத்துக்குத் தக்கபடி கோடு தடிக்கவும் இல்லை. டேப்லெட் பழுதா?
– வாசகர், திண்டுக்கல்

மூன்றும் அமைப்புக் கோளாறுகள். டேப்லெட்டை மாற்ற வேண்டாம்.

வட்டத்திலிருந்து தொடங்குவோம். ஒரு வளையலையோ செல்லோ டேப் சுருளையோ டேப்லெட் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். திரையில் நீள்வட்டம் வந்தால் கையின் மேல் பழியில்லை. காரணம் விகிதம். வரையும் பரப்பு 152க்கு 95 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் 1.6. உங்கள் திரை 1920க்கு 1080, விகிதம் 1.78. முழு டேப்லெட்டும் முழுத் திரையோடு பொருத்தப்பட்டால், நீங்கள் போடும் ஒவ்வொரு வட்டமும் பக்கவாட்டில் 11 விழுக்காடு அகன்றுவிடும். மாதக்கணக்காக இப்படியே பழகினால் கை அதற்கு ஈடுகட்டக் கற்றுக்கொள்ளும். பிறகு தாளில் வரையும் முகமெல்லாம் ஒடுங்கும். டேப்லெட்டின் டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) அமைப்பில் பரப்பைப் பொருத்தும் பக்கத்துக்குப் போய், திரையின் விகிதத்தைப் பின்பற்றச் சொல்லும் தேர்வை இயக்குங்கள். உயரத்தில் 9 அல்லது 10 மில்லிமீட்டர் பயன்படாமல் போகும், அவ்வளவுதான். லேப்டாப்போடு இன்னொரு மானிட்டரும் இணைத்திருந்தால், எந்தத் திரைக்கு என்பதையும் அங்கேயே குறியுங்கள். இல்லாவிட்டால் சின்ன டேப்லெட் இரண்டு திரைக்கும் சேர்த்து இழுபடும்.

அந்தச் சின்ன வளையம் விண்டோஸின் வேலை. பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் என்று அது எடுத்துக்கொள்கிறது. கன்ட்ரோல் பேனலில் பேனா, தொடுதல் தொடர்பான பக்கத்தில் 'அழுத்திப் பிடித்தல்' தேர்வை அணைத்துவிடுங்கள்.

அழுத்தம் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் டிரைவரும் வரையும் மென்பொருளும் வெவ்வேறு மொழி பேசுவதே காரணம். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் 'வின்டேப்', 'விண்டோஸ் இங்க்' என இரு வழிகள் இருக்கும். இப்போது எது இருக்கிறதோ அதை விட்டு மற்றதற்கு மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். அதே பக்கத்தில் டேப்லெட்டைச் சோதிக்கும் சாளரமும் உண்டு. கோடு தடித்து மெலிகிறதா என்று அங்கே பார்க்கலாம். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட் வைத்திருந்தீர்களா? அந்தப் பழைய டிரைவரை முழுதாக நீக்கி, கணினியை மறுபடி இயக்கிய பிறகே புதியதை நிறுவ வேண்டும். இரண்டு டிரைவர் ஒன்றாக இருந்தால் எதுவும் சரியாக ஓடாது.

தாளில் கீறினால் ஓரளவு நேராக வருகிற கோடு, கணினியில் கீறும்போது நடுங்குகிறது. ஸ்டெபிலைசரைக் கூட்டினால் கோடு அழகாக வருகிறது, ஆனால் படம் உயிரில்லாமல் போகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் ஓர் அடிமட்டத்தை டேப்லெட் மேல் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாகக் கோடு இழுங்கள். அடிமட்டம் வைத்தும் கோடு அலையலையாக வந்தால் நடுக்கம் கருவியுடையது. சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். மின்சாரத்தில் நில இணைப்பு சரியில்லாத வீடுகளில் சார்ஜர் வழியே வரும் இரைச்சல் சில வேளை பேனாவைக் குழப்பும். பக்கத்தில் இருக்கும் கைப்பேசியையும் தள்ளி வையுங்கள். பேனா முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி போல் ஆகியிருந்தால் மாற்றுங்கள்.

அடிமட்டக் கோடு சுத்தமாக வந்தால் நடுக்கம் கையில்தான், அதாவது கையை நீங்கள் ஆட்டும் முறையில். பெரும்பாலானோர் 300 விழுக்காடு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மணிக்கட்டால் மெதுவாக, கோட்டின் நுனியையே பார்த்தபடி இழுக்கிறார்கள். நடுக்கத்துக்கு இந்த நான்கும் சேர்ந்தால் போதும். படத்தை 50 முதல் 100 விழுக்காட்டில் வையுங்கள். நீளமான கோட்டுக்கு முழங்கையிலிருந்து ஆட்டுங்கள். பேனாவைத் தொடாமல் காற்றிலேயே அந்தக் கோட்டை இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைப் போய்ச் சேர வேண்டிய புள்ளியில் வைத்து, ஒரே வீச்சில் இழுங்கள். தவறினால் தவறட்டும். வேகமான கோடு இடம் தப்பும். மெதுவான கோடு நடுங்கும். இடம் தப்புவது பழகப் பழகத் திருந்தும். நடுக்கம் அப்படித் திருந்துவதில்லை.

வலக்கைக்காரருக்கு இடது கீழிருந்து வலது மேலாகப் போகும் வளைவு இயல்பாக வரும். எல்லாக் கோட்டையும் அந்தத் திசைக்குக் கொண்டுவாருங்கள். கிரிட்டாவில் 4, 6 விசைகள் தாளைத் திருப்பும், 5 நேராக்கும். தாளில் வரையும்போது புத்தகத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். கணினியில் அதை மறந்துவிடுகிறோம்.

ஸ்டெபிலைசர் கை நடுக்கத்தின் சராசரியை எடுத்துக் கோடாக்குகிறது. சராசரி என்பதால் கூர்மையான திருப்பங்கள் மழுங்கும். இமை முடி, விரல் மடிப்பு, துணிச் சுருக்கம் போன்ற சின்ன வெட்டுக் கோடுகள் ஒரே மாதிரி ஆகிவிடும். நீங்கள் சொல்லும் உயிரின்மை இதுதான். சேலை முந்தானையின் நீண்ட வளைவுக்குக் கூட்டுங்கள், முகத்துக்கு வந்ததும் குறைத்துவிடுங்கள். ஒரு கோட்டுக்கு மூன்று முறைக்கு மேல் அழித்துப் போடுவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் விசை கைக்குள் இருப்பதால், முப்பது முறை அதே கோட்டைப் போட்டு முதலில் வந்ததைவிட மோசமானதில் முடிப்பவர்கள் அதிகம்.

கைப்பேசியும் விரலும்தான் என் கருவி. இதில் பழகிப் பயனுண்டா?
– பள்ளி மாணவி, தேனி

தாராளமாக உண்டு. ஐபிஸ்பெயின்ட் என்ற வரையும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். விரலுக்கு அழுத்த உணர்வு கிடையாது. அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் தானாக மெலியும் அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள். கடையில் ரப்பர் முனையோடு விற்கும் மலிவுப் பேனாக்களுக்கும் அழுத்தம் தெரியாது, விரலைவிடக் கொஞ்சம் வாகாகப் பிடிக்கலாம், அவ்வளவே. கைப்பேசியில் வண்ணம், வெளிச்சம், வடிவங்களை நன்றாகப் பழகலாம். கோட்டுப் பயிற்சியைத் தாளில் வைத்துக்கொண்டு, அதைப் படமெடுத்து அடியில் போட்டு, மேலே வண்ணம் தீட்டுங்கள். சின்னத் திரையில் ஓவியம் பழக இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

ஆறு வயது மகளின் முகத்தை வரைந்தால் இருபது வயதுப் பெண் போல வருகிறாள். கண், மூக்கு, வாய் தனித்தனியாகச் சரியாகவே இருக்கின்றன.
– வாசகர், சேலம்

தனித்தனியாகச் சரியாக இருக்கும், இடம் மாறியிருக்கும். பெரியவர்கள் முகத்தில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கிறது. நெற்றி வெறுமையாகத் தெரிவதால் நம் மனம் அதைச் சுருக்கிவிடும், கண்ணை மேலே ஏற்றிவிடும். குழந்தைக்கு மண்டை பெரிது, தாடை சிறிது. அதனால் கண் பாதிக்கும் கீழே இறங்கும். நீங்கள் பெரியவர்களுக்குரிய பாதிக்கோட்டில், அல்லது அதற்கும் மேலே கண்ணை வைத்திருப்பீர்கள். வயது அங்கேயே கூடிவிட்டது.

மீதி வயதைக் கூட்டுவது கோடுகள். குழந்தையின் மூக்குத் தண்டு தாழ்வானது; அதற்கு இருபுறமும் கோடு போடக் கூடாது, நுனிக்கு அடியில் சின்ன நிழல் போதும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பைக் கோடாகப் போட்டால் உடனே பத்து வயது கூடும். பற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைவதும் அப்படியே. பல்வரிசையை ஒரே வெளிர் பட்டையாக விட்டு, ஓரங்களில் மட்டும் மங்கலாக்குங்கள். கருவிழி குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. சின்ன முகத்தில் அது பெரிதாகத் தெரிவதே குழந்தைத்தனம். அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்றால் படத்தையும் சந்தேகப்படுங்கள். முகத்துக்கு அருகில் வைத்து எடுத்த கைப்பேசிப் படத்தில் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். வரையும்போது ஒரு கண்ணின் அகலத்தை அளவுகோலாக வைத்து, இரண்டு கண்ணுக்கு நடுவே எத்தனை, கண்ணிலிருந்து தாடை எத்தனை என்று எண்ணிக் குறியுங்கள். பாதி வந்ததும் படத்தை இடவலம் மாற்றிப் பாருங்கள். கிரிட்டாவில் 'எம்' விசை; தாளானால் கண்ணாடி முன் பிடியுங்கள். ஒரு கண் ஏறியிருப்பதும் தாடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

மாடிப் படியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை வரைந்து வண்ணம் தீட்டினேன். மாநிறத் தோல் சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது. யூடியூபில் பார்க்கும் பாடங்களெல்லாம் வெள்ளைத் தோலுக்கே சொல்கின்றன.
– வாசகி, மதுரை

நம் ஊர் முகங்களை வரைய நினைக்கும் எல்லோருக்கும் வரும் சிக்கல் இது. கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

சாம்பல் பூப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெள்ளை. வெளிச்சம் படும் இடத்துக்கு அடிப்படை நிறத்தோடு வெள்ளையைக் கலந்தால் நிறச்செறிவு சரிந்து சுண்ணாம்பு பூசியது போலாகும். நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் அதே இடத்தில் நின்று இருட்டாகிறது. தோல் செத்ததுபோல் தட்டையாகும். வெளிச்சத்துக்குப் போகும்போது நிறம் மஞ்சள் பக்கம் நகர வேண்டும், நிழலுக்குப் போகும்போது சிவப்புப் பக்கம்.

நிறம், செறிவு, ஒளி என்ற மூன்று எண்களால் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி கிரிட்டா, புரொகிரியேட், ஐபிஸ்பெயின்ட் எல்லாவற்றிலும் இருக்கிறது. மாநிறத்துக்கு ஒரு தொடக்கம்: நடுநிறம் 22, 55, 55. வெளிச்சம் 28, 45, 72. நிழல் 12, 62, 34. இந்த மூன்றையும் வைத்து ஓர் உருண்டையைத் தீட்டிப் பாருங்கள். பிறகு அம்மாவின் நிறத்துக்கு ஏற்ப ஒளியின் எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கறுத்த தோலுக்கு நடுநிறத்தின் ஒளி 35 வரை இறங்கலாம். நிறத்தின் எண் பெரிதாக மாறாது.

நெற்றி, மூக்கு நுனி, கன்னமேடு, கீழுதடு ஆகிய இடங்களில் வரும் பளபளப்பு வேறு விஷயம். அது தோலுக்குள் போய் வரும் ஒளியல்ல, மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிப்பது. எந்த நிறத் தோலிலும் ஒரே அளவுதான் தெறிக்கும். கறுத்த தோலில் சுற்றுப்புறம் இருட்டாக இருப்பதால் எடுப்பாகத் தெரிகிறது. எனவே அந்த மினுக்கு சிறியதாக, விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். அதன் நிறம் விளக்கின் நிறம். குண்டு பல்ப் என்றால் மஞ்சள், திறந்தவெளி என்றால் வானத்தின் சாம்பல் நீலம். மென்மையான ஏர்பிரஷ்ஷால் பெரிதாகப் பரப்பினால் மறுபடி சாம்பல்தான்.

மாடிப்படி என்றதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். வெளியே உட்கார்ந்திருப்பவரின் நிழல் பகுதிகளில் மேல்நோக்கிய பரப்புகள் வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் வாங்கும். தாடையின் அடிப்புறம் தரையிலிருந்து எழும் ஒளியை வாங்கும். வெயில் விழும் செம்மண் தரையானால் கழுத்தில் சிவப்பு ஏறும், சிமென்ட் தளமானால் வெளிறிய ஒளி. சேலையின் நிறமும் தாடைக்கு அடியில் வந்து உட்காரும். பச்சைச் சேலை கட்டியவரின் தாடையில் ஒரு துளி பச்சையைச் சேர்த்துப் பாருங்கள், முகம் சட்டென்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும்.

சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க, எல்லா அடுக்குக்கும் (லேயர்) மேலே ஒரு சாம்பல் அடுக்கைப் போட்டு, அதன் கலப்பு முறையை 'கலர்' என்று மாற்றுங்கள். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வெளிச்சப் பகுதியும் நிழல் பகுதியும் அப்போது தெளிவாகப் பிரிந்து தெரியவில்லை என்றால் வண்ணத்தை எவ்வளவு மாற்றினாலும் படம் எழாது. முதலில் ஒளி எண்களைத் திருத்துங்கள்.

புகைப்படத்தின் மேல் வைத்து அப்படியே கோடு இழுத்து வரைவது தப்பா?
– வாசகர், கோவை

பயிற்சிக்குச் செய்வதில் தப்பில்லை. ஆனால் அதிலிருந்து கிடைப்பது குறைவு. விளிம்பைப் பின்தொடரும் கை, விளிம்புக்குள் இருக்கும் உருளையையும் கட்டத்தையும் கவனிப்பதில்லை. மேலே கோடு இழுக்கும்போது வெளி விளிம்பை விட்டுவிட்டு, தலைக்கு ஒரு முட்டை, கைக்கு உருளை, மார்புக்கு ஒரு பெட்டி என்று உள்வடிவங்களைப் போடுங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு, அந்த வடிவங்களிலிருந்தே உருவத்தைக் கட்டுங்கள். அப்படிச் செய்தால் நல்ல பயிற்சி. பிறர் எடுத்த படத்தை அப்படியே வரைந்து தன் பெயரில் வெளியிடுவதும் விற்பதும் கூடாது. படமெடுத்தவரின் உரிமை அதில் இருக்கிறது.

கோபுரம் வரையத் தொடங்கினால் பொம்மைகளில் சிக்கிக்கொள்கிறேன். இரண்டாம் நிலை முடிவதற்குள் தாள் தீர்ந்துவிடுகிறது.
– வாசகி, கும்பகோணம்

கீழிருந்து ஒவ்வொரு சிற்பமாக ஏறுகிறீர்கள். கட்டியவர்களுக்கு அது சரி, வரைபவர்களுக்கு ஆகாது.

முதலில் இடம். கோபுரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளி நில்லுங்கள். 50 மீட்டர் கோபுரத்துக்கு 100 மீட்டர். சன்னிதித் தெருவின் மறுமுனை பெரும்பாலும் பொருந்தும். கிட்டே நின்று அண்ணாந்தால் மேல்பகுதி ஒடுங்கிச் சாயும். கைப்பேசியின் அகலக் கோணத்தில் எடுத்த படத்திலும் அப்படித்தான்.

தாளின் மேலும் கீழும் இரண்டு விரல் விட்டு, கலசத்துக்கும் தரைக்கும் குறி போடுங்கள். நடுவே செங்குத்தாக ஓர் அச்சு. அடியில் கல்லால் ஆன செங்குத்துப் பகுதி, அதன் மேல் செங்கல்லும் சுதையுமாக ஒடுங்கிக்கொண்டே போகும் நிலைகள், உச்சியில் வண்டிக்கூண்டு போன்ற சாலைச் சிகரம். இந்த மூன்றின் உயரங்களைப் பென்சிலால் அளந்து குறித்த பிறகு பக்கவாட்டுக் கோட்டைப் போடுங்கள். அது எல்லாக் கோயிலிலும் நேர்கோடல்ல. மதுரை தெற்குக் கோபுரத்தில் பக்கங்கள் மெல்ல உள்வாங்கி வளையும். அதை நேராக்கினால் மதுரை போய்விடும்.

அடுத்து நிலைகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிட உயரத்தில் சிறியது. சம இடைவெளி விட்டால் கோபுரம் அலமாரியாகிவிடும். ஒவ்வொரு நிலையின் நடுவிலும் இருக்கும் வாசலை அச்சின் மேல் இருட்டாக வையுங்கள். அந்த இருண்ட கட்டங்கள் மேலே போகப் போகச் சிறுப்பதே பாதி வேலையைச் செய்துவிடும். பிறகு வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, மறுபக்கம் முழுதும் ஒரே மெல்லிய நிழல். சிற்பங்களை நிழலும் வெயிலும் சந்திக்கும் பட்டையில் மட்டும் தெளிவாக வரையுங்கள். வெயில் பக்கத்தில் சிற்பத்தின் அடி நிழல் மட்டும் சின்னக் கொக்கிகளாக, இருட்டுப் பக்கத்தில் ஒன்றுமே வேண்டாம். ஓவியர் சில்பி கோயில்களுக்கே போய் உட்கார்ந்து வரைந்த பேனாச் சித்திரங்களை அச்சில் எங்கே கண்டாலும் எடுத்துப் பாருங்கள். எதை அடர்த்தியாக்குவது, எதை வெறும் தாளாக விடுவது என்ற தேர்வு அவற்றில் தெளிவாகத் தெரியும்.

ஒரு மணி நேரம் வரைந்தால் கட்டைவிரல் அடியும் மணிக்கட்டும் வலிக்கிறது.
– வாசகர், கடலூர்

பேனாவை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். கோடு தடிக்கவில்லை என்பதற்காக அழுத்துகிறீர்கள் என்றால், டிரைவரில் அழுத்த வளைவை (எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற அமைப்பை) மென்மைப் பக்கம் நகர்த்துங்கள். பாதி வலி போகும். மெல்லிய பேனாவின் மேல் பென்சிலுக்குப் போடும் ரப்பர் உறையைப் போட்டால் பிடி தளரும். மேசை, முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரத்தில் இருக்கட்டும். மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தக் கூடாது. 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம்.

கல்யாணப் பரிசாகத் தோழியின் படத்தை வரைந்து ஏ4 அளவில் அச்சடித்தேன். திரையில் பளிச்சென்று இருந்தது; தாளில் மங்கல், ஓரங்கள் கட்டம் கட்டமாக. பெரிய அளவில் தொடங்கினால் 'அடுக்கு போதும்' என்று செயலி மறுக்கிறது.
– வாசகி, திருநெல்வேலி

அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளி (300 டிபிஐ) என்பது கணக்கு. ஏ4 என்றால் 2480க்கு 3508 புள்ளி. இன்ஸ்டாகிராமுக்கான 1080 புள்ளி அகலப் படத்தை 300 டிபிஐயில் அடித்தால் 3.6 அங்குலம்தான் வரும். அதை ஏ4க்கு இழுத்ததால் கட்டம் தெரிகிறது. வரைந்து முடித்த பிறகு டிபிஐ எண்ணை மட்டும் மாற்றுவதால் புள்ளிகள் கூடாது. அளவை முதலிலேயே வைக்க வேண்டும்.

ஏ4 அளவில் முழுதாக நிரம்பிய ஓர் அடுக்கு சுமார் 35 எம்பி நினைவகத்தை எடுக்கும். இருபது அடுக்கானால் 700 எம்பி. செயலி மறுப்பது அதனால்தான். முடித்த அடுக்குகளை அவ்வப்போது ஒன்றாக்குங்கள்: பின்னணி ஒன்று, உடை ஒன்று, தோல் ஒன்று, கோடு ஒன்று என்று நான்கைந்தில் ஒரு படத்தை முடிக்க முடியும். ஒன்றாக்குவதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் சேமித்துவிடுங்கள். கருவியின் நினைவகம் மிகக் குறைவு என்றால் 200 டிபிஐயில், 1654க்கு 2339 புள்ளியில் வரையுங்கள்; கை நீட்டும் தூரத்தில் சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும்.

மங்கலுக்கு இரண்டு காரணம். திரை தானே ஒளி விடுகிறது, தாள் விடுவதில்லை. முழு வெளிச்சத்தில் வைத்த திரையில் வரைந்தால் தாளில் இருட்டாகவே தெரியும். வரையும்போது திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரண்டாவது, மயில் நீலம், பச்சை, ராணி இளஞ்சிவப்பு போன்ற பளிச் நிறங்கள் சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கும் (ஆர்ஜிபி) திரையில் வரும், நான்கு மையின் கலப்பில் வராது. பட்டுச்சேலை மின்ன வேண்டும் என்றால் அதன் நிறத்தைக் கூட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பதன் செறிவைக் குறைத்துவிடுங்கள். கிரிட்டாவில் அச்சில் எப்படித் தெரியும் என்று முன்கூட்டிக் காட்டும் வசதி உண்டு. கடைக்கு ஜேபெக் கொடுக்காமல் பிஎன்ஜியாகவோ டிஃபாகவோ பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள். முழுப் படத்தை அடிப்பதற்கு முன் முகம் உள்ள பகுதியை மட்டும் அதே தாளில் அஞ்சலட்டை அளவுக்கு அடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருட்டாக இருந்தால் ஒளியைச் சிறிது கூட்டி இன்னொன்று அடித்துவிட்டு, பிறகு ஏ4க்குப் போங்கள்.